2147483647: ஒரு பெரிய பகா எண்ணைக் கையால் அளந்து பார்க்க முழுமையான வழிகாட்டி

பெரிய பகா எண்களைப் பற்றி வரும் செய்திகளில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் இலக்கங்களின் எண்ணிக்கை மட்டும்தான். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்ற எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். வியந்து பார்க்கலாம், ஆனால் ஒரு நோட்டில் எழுதிக் கணக்குப் போட முடியாது. அதே குடும்பத்தில் பத்தே இலக்கங்கள் கொண்ட ஒரு மூத்த எண் இருக்கிறது: 2147483647, அதாவது 2³¹ − 1. இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. சும்மா வகுத்து வகுத்துப் பார்த்தால் சோர்ந்துபோகும் அளவுக்குப் பெரியது. வழி தெரிந்தால் ஒரு விடுமுறை நாளில் முடித்துவிடும் அளவுக்குச் சிறியது.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே ஒரு உண்மையின் மேல் நிற்கிறது: 2³¹-ஐ இந்த எண்ணால் வகுத்தால் மீதி 1. அதை விடாமல் பிடித்துக்கொண்டால் இந்த எண்ணின் குணங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். இனி இந்த எண்ணைச் சுருக்கமாக 'ப' என்று குறிக்கிறேன்.

தேவையானவை: ஒரு நோட்டு, ஒரு கால்குலேட்டர், பத்தாம் வகுப்பில் படித்த மட்டு எண்கணிதம். மறந்துபோயிருந்தாலும் பரவாயில்லை. 17-ஐ 5-ஆல் வகுத்தால் மீதி 2, எனவே 5-ஐப் பொறுத்தவரை 17-ம் 2-ம் ஒன்றுதான். இந்த அளவு போதும்.

படி 1: எண்ணை இரும முறையில் எழுதுங்கள்

பத்தடிமானத்தில் ப-வின் இலக்கங்களில் எந்த ஒழுங்கும் தெரியாது. இரும முறையில் எழுதினால் வரிசையாக 31 ஒன்றுகள், வேறொன்றுமில்லை:

1111111111111111111111111111111

கணினி 32 பிட்டில் ஒரு முழு எண்ணை வைக்கும்போது ஒரு பிட் கூட்டல்-கழித்தல் குறிக்குப் போய்விடும். மிச்சம் 31 பிட்டையும் ஒன்றால் நிரப்பினால் கிடைக்கும் மிகப் பெரிய எண் இதுதான். 1970 ஜனவரி 1-லிருந்து விநாடிகளை இந்த அளவில் எண்ணி வைக்கும் பழைய கணினிகளுக்கு 2038 ஜனவரி 19 அன்று, இந்தியாவிலும் இலங்கையிலும் காலை 8:44:07 ஆகும்போது, இடம் தீர்ந்துவிடும். அந்த விநாடியின் எண் 2147483647. புரோகிராமர்களுக்கு இது ஒரு எல்லைக்கோடாகத் தெரிந்த எண். அது பகா எண்ணும்கூட என்பது பலருக்குத் தெரியாது.

படி 2: அடுக்கைச் சரிபாருங்கள்

2-இன் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்துக் கிடைக்கும் எண் பகா எண்ணாக வேண்டுமென்றால், முதலில் அந்த அடுக்கே பகா எண்ணாக இருக்க வேண்டும். 2⁶ − 1 = 63-ஐப் பாருங்கள். 6-க்கு 2-ம் 3-ம் காரணிகள் என்பதால் 2² − 1 = 3-ம் 2³ − 1 = 7-ம் 63-ஐ வகுக்கின்றன. 31 பகா எண், இந்தச் சோதனையில் தேறிவிட்டது.

ஆனால் இது மட்டும் போதாது. 11 பகா எண், இருந்தும் 2¹¹ − 1 = 2047 = 23 × 89. இந்த இடத்தில் பெரியவர்களே தடுமாறியிருக்கிறார்கள். இத்தாலியின் கட்டால்டி 17, 19 என்ற அடுக்குகளைச் சரியாக நிரூபித்தவர். 23, 29, 31, 37 ஆகியவையும் பகா எண்களைத் தரும் என்று 1603-இல் எழுதினார். அந்த நான்கில் 31 மட்டுமே சரி. உதாரணமாக 2²⁹ − 1 = 233 × 1103 × 2089. பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644-இல் வெளியிட்ட பட்டியலிலும் பிழைகள் உண்டு. 67, 257 இரண்டும் தவறாக நுழைந்தவை, 61, 89, 107 மூன்றும் விடுபட்டவை. இருந்தும் 2-இன் அடுக்கில் ஒன்று குறைந்த பகா எண்களுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. ப அந்த வரிசையில் எட்டாவது.

படி 3: வகுத்துப் பார்ப்பதைச் சுருக்குங்கள்

ப-வின் வர்க்கமூலம் 46340-க்குச் சற்று மேலே. அதற்குள் இருக்கும் பகா எண்கள் எவையும் ப-வை வகுக்கவில்லை என்று காட்டினால் போதும். ஆனால் அவை 4792. ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் 160 மணி நேரத்துக்கு அருகில் போய்விடும்.

இங்கே நம் ஒற்றை உண்மை உதவிக்கு வருகிறது. ஏதோ ஒரு பகா எண் 'க' ப-வை வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் க-வைப் பொறுத்தவரையிலும் 2³¹-இன் மீதி 1. 2-ஐத் திரும்பத் திரும்பப் பெருக்கும்போது முதன்முதலில் 1 வருவது எந்த அடுக்கில்? அந்த அடுக்கு 31-ஐ வகுக்க வேண்டும். 31 பகா எண், 2¹ = 2 என்பது 1 ஆகாது. எனவே சரியாக 31-இல்தான் 1 வருகிறது. ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி க − 1 என்ற அடுக்கிலும் மீதி 1. ஆக க − 1 என்பது 31-இன் மடங்கு. க ஒற்றைப்படை, எனவே 62-இன் மடங்கு.

இன்னொரு வடிகட்டியும் உண்டு. 2³¹-இன் மீதி 1 என்றால் 2³²-இன் மீதி 2. ஆனால் 2³² என்பது 2¹⁶-இன் வர்க்கம். அதாவது க-வின் உலகத்தில், க-வால் வகுத்த மீதிகளை மட்டும் பார்க்கும்போது, 2 ஒரு வர்க்க எண். அது 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரும் பகா எண்களுக்கு மட்டுமே நடக்கும். இரண்டையும் சேர்த்தால், ப-வுக்குக் காரணி என்று ஒன்று இருந்தால் அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வந்தே ஆக வேண்டும்.

46340 வரை அப்படிப்பட்ட எண்களே 373 தான். அவற்றிலும் பெரும்பாலானவை பகு எண்கள். வரிசையாக எழுதிப் பாருங்கள்: 63, 249, 311, 497, 559, 745, 807, 993, 1055, 1241, 1303, 1489... இதில் பகா எண்கள் 311, 1303, 1489 மட்டுமே. 1241 ஏமாற்றும், அது 17 × 73. இப்படிச் சலித்தால் மிஞ்சுவது சுமார் எண்பது பகா எண்கள். 4792 எங்கே, எண்பது எங்கே!

மிஞ்சியவற்றையும் நீள வகுத்தல் செய்து பார்க்க வேண்டியதில்லை. 311-ஐ எடுத்துக்கொள்வோம். 2⁸ = 256, 311-ஐக் கழித்தால் −55. அதை வர்க்கப்படுத்தினால் 3025. 311-இன் ஒன்பது மடங்கைக் கழித்தால் 226, அதாவது −85. எனவே 2²⁴ என்பது 55 × 85 = 4675, மீதி 10. 2³¹ என்பது 10 × 128 = 1280, மீதி 36. 1 வரவில்லை, ஆகவே 311 காரணி இல்லை. நான்கு வரிகளில் முடிந்தது.

இந்த வகை வடிகட்டலைக் கொண்டுதான் லியோனார்டு ஆய்லர் ப பகா எண் என்று உறுதிசெய்தார். 1772-இல் டேனியல் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் அதை அறிவித்தார். அப்போது அவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார், பார்வையை ஏறக்குறைய முழுவதும் இழந்திருந்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

படி 4: லூக்கா–லெமர் சோதனை

இந்த வழிகாட்டியின் இதயம் இதுதான். பிரெஞ்சுக்காரர் எடுவார்டு லூக்கா 1870-களில் தொடங்கிவைத்தார், அமெரிக்கரான டி. எச். லெமர் 1930-களில் செம்மைப்படுத்தினார். விதி மிக எளிது. 4-இல் தொடங்குங்கள். ஒவ்வொரு முறையும் வர்க்கப்படுத்தி 2-ஐக் கழியுங்கள், ப-வால் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இதை 29 முறை செய்து கடைசியில் 0 வந்தால் ப பகா எண், வராவிட்டால் இல்லை. 29 என்பது 31-இலிருந்து 2 குறைந்தது.

முதல் நான்கு அடிகள் சுலபம்: 4, 14, 194, 37634, 1416317954. இதுவரை எந்த எண்ணும் ப-வைத் தாண்டவில்லை. ஐந்தாவது அடியில்தான் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது.

1416317954-இன் வர்க்கம் 19 இலக்கங்கள் கொண்டது. சாதாரண போன் கால்குலேட்டர்கள் பல அந்த நீளத்தில் கடைசி இலக்கங்களை விழுங்கிவிடும். அதனால் எண்ணை 1416317 என்றும் 954 என்றும் உடைத்துக்கொள்ளுங்கள். முதல் பகுதியின் வர்க்கம் 2005953844489. இரண்டையும் பெருக்கி இரட்டித்தால் 2702332836. கடைசிப் பகுதியின் வர்க்கம் 910116. முதலாவதற்குப் பின்னால் ஆறு பூஜ்யம், இரண்டாவதற்குப் பின்னால் மூன்று பூஜ்யம் சேர்த்துக் கூட்டினால்:

2005956546822746116

சரிதானா என்று பார்க்க ஒன்பதால் சோதியுங்கள். 1416317954-இன் இலக்கங்களைக் கூட்டினால் 41, மறுபடி கூட்டினால் 5. 5-இன் வர்க்கம் 25, அதிலிருந்து 7. கீழே உள்ள பெரிய எண்ணின் கூட்டுத்தொகை 79, அது 16, அப்புறம் 7. பொருந்துகிறது. இந்தச் சோதனையை ஒரு அடியில்கூட விட்டுவிடாதீர்கள். நான் முதல் முறை செய்தபோது நடுவில் ஒரு கடன் வாங்கலைத் தவறவிட்டேன். கடைசியில் 0-க்குப் பதில் ஏதோ ஒரு பத்து இலக்க எண் வந்து நின்றது. ஒரு நாள் வேலை வீண். பிழை சிறியதா பெரியதா என்று லூக்கா–லெமர் சோதனை பார்ப்பதில்லை.

2-ஐக் கழித்தபின் மீதி காண வேண்டும். 9-ஆல் வகுத்த மீதி வேண்டுமென்றால் இலக்கங்களைக் கூட்டுவோமே, 10-இன் மீதி 1 என்பதால் அது பலிக்கிறது. இங்கே 2³¹-இன் மீதி 1. எனவே எண்ணை 2³¹-ஆல், அதாவது 2147483648-ஆல் வகுத்து, ஈவையும் மீதியையும் கூட்டினால் போதும். ஈவு 934096307, மீதி 1883058178. கூட்டினால் 2817154485. இது ப-வை விடப் பெரிது, ஒரு முறை ப-வைக் கழித்தால் 669670838. இதுதான் ஐந்தாவது அடியின் விடை. கணினிக்கு இது இன்னும் சுலபம். இரும எண்ணை 31 பிட்டுகளாக வெட்டிக் கூட்டுகிறது, வகுத்தலே கிடையாது. மெர்சென் வகை எண்களே சாதனைப் பட்டியலின் உச்சியில் பெரும்பாலும் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதே மாதிரி தொடருங்கள். எண்கள் எந்த ஒழுங்கும் இல்லாமல் தாவிக்கொண்டே இருக்கும். 27-ஆவது அடியில் 1181536708 வர வேண்டும். அதை வர்க்கப்படுத்தினால் 1396028992351477264. ஈவு 650076657, மீதி 1497472528, கூட்டி ப-வைக் கழித்தால் 65538. அதிலிருந்து 2 போனால் 65536. இருபத்தேழு அடி அலைந்த பின் திடீரென்று ஐந்து இலக்கத்தில், அதுவும் 2¹⁶ என்ற அழகான எண்! அடுத்த அடி: 65536-இன் வர்க்கம் 2³². 2-ஐக் கழித்தால் 2³² − 2, அது ப-வின் இரு மடங்கு. மீதி 0. ப பகா எண்.

ஏன் இது பலிக்கிறது? 2 + √3 என்ற எண்ணையும் 2 − √3 என்ற எண்ணையும் பெருக்கினால் 1, கூட்டினால் 4. வர்க்கப்படுத்தி 2-ஐக் கழிக்கும் ஒவ்வொரு அடியும் இந்த இரண்டின் அடுக்கை இரட்டித்துக் கூட்டுவதற்குச் சமம். 29-ஆவது அடியில் 0 வந்தால், 2 + √3-ஐ 2³⁰ முறை பெருக்கினால் −1 என்றும், 2³¹ முறை பெருக்கினால்தான் முதன்முறையாக 1 என்றும் ஆகிறது. ப பகு எண்ணாக இருந்திருந்தால் அதன் வர்க்கமூலத்துக்கு உட்பட்ட ஒரு பகாக் காரணி க இருக்கும். க-வின் உலகத்தில் இந்த வகை எண்கள் (ஒரு முழு எண்ணும் √3-இன் ஒரு மடங்கும் சேர்ந்தவை), பூஜ்யம் நீங்கலாக, மொத்தமே க² − 1 தான். அது 2³¹-ஐ விடக் குறைவு. அவ்வளவு சிறிய கூட்டத்துக்குள் 2³¹ நீளமுள்ள சுற்று அடங்காது. ஆகவே க என்று ஒன்று இல்லை.

படி 5: 65536 எங்கிருந்து வந்தது?

அது தற்செயல் அல்ல. ப-வின் உலகத்தில் 65536 என்பது 2-இன் வர்க்கமூலம். கடைசி அடியில் 0 வர வேண்டுமென்றால் அதற்கு முந்தைய எண்ணின் வர்க்கம் 2 ஆக இருந்தே தீர வேண்டும். எனவே அங்கே 65536-ஓ அதன் எதிர்க்குறியோதான் வர முடியும்.

இன்னும் ஒரு வசதி. ப-வுடன் 1-ஐக் கூட்டினால் 2³¹, அதன் கால்பங்கு 2²⁹. அதனால் ப-வின் உலகத்தில் வர்க்கமூலம் உள்ள எந்த எண்ணையும் 29 முறை அடுத்தடுத்து வர்க்கப்படுத்தினால் அதன் வர்க்கமூலமே கையில் வந்து நிற்கும். வர்க்கமூலம் காண வர்க்கப்படுத்துவது! இதை முதலில் பார்த்தபோது நம்பச் சிரமமாக இருந்தது.

போகிற போக்கில் இதையும் பார்த்துவிடலாம்: ப-வை இரண்டு முழு வர்க்கங்களின் கூட்டாக எழுத முடியாது. எந்த வர்க்கத்தையும் 4-ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1. இரண்டைக் கூட்டினால் 3 வராது. ப-வின் மீதியோ 3.

படி 6: ஒன்று குறைத்துப் பாருங்கள்

ஒரு பகா எண்ணின் சுபாவம் அதற்கு முந்தைய எண்ணின் காரணிகளில் ஒளிந்திருக்கும்.

2147483646 = 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331

1 முதல் ப − 1 வரை உள்ள எல்லா எண்களையும், ஒன்று விடாமல், தன் அடுக்குகளாலேயே தந்துவிடும் எண்ணை முதன்மை மூலம் என்போம். 2 அப்படிப்பட்டதல்ல, அது 31 அடியிலேயே 1-க்குத் திரும்பிவிடுகிறது. அந்தத் தகுதியுள்ள மிகச் சிறிய எண் 7. சோதிக்க எல்லா அடுக்குகளையும் பார்க்க வேண்டாம். ப − 1-ஐ மேலே உள்ள ஏழு பகாக் காரணிகளால் தனித்தனியே வகுத்து, அந்த ஏழு அடுக்குகளில் 7 எங்கும் 1 ஆகவில்லை என்றும், முழு அடுக்கில் 1 ஆகிறது என்றும் காட்டினால் போதும். இந்தச் சோதனை ப பகா எண் என்பதற்கே இன்னொரு நிரூபணமும்கூட. இப்படிப்பட்ட முதன்மை மூலங்கள் மொத்தம் 53,46,00,000, அதாவது கிட்டத்தட்ட நான்கில் ஒன்று.

இதற்குப் பயன் உண்டு. 7-இன் ஐந்தாம் அடுக்கு 16807. 5-க்கும் ப − 1-க்கும் பொதுக் காரணி இல்லாததால் 16807-ம் முதன்மை மூலமே. 1-இல் தொடங்கி 16807-ஆல் பெருக்கிப் பெருக்கி மீதியை எழுதினால்: 16807, 282475249, 1622650073, 984943658... பார்வைக்குக் குலுக்கல் சீட்டு எடுத்தது போல இருக்கும். ஆனால் 2147483646 எண்களும் தலா ஒரு முறை வந்த பிறகே வரிசை திரும்பும். 1988-இல் பார்க், மில்லர் இருவரும் குறைந்தபட்சத் தரம் என்று முன்வைத்த சமவாய்ப்பு எண் முறை இதுதான். நீங்கள் நிரல் எழுதிப் பார்த்தால் 10,000-ஆவது எண் 1043618065 வர வேண்டும். 32 பிட்டுக்குள் பெருக்கல் வழிந்துவிடுகிறதா? ப = 16807 × 127773 + 2836 என்று உடைத்துக்கொண்டால் வழியாது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: கடவுச்சொல்லுக்கும் ரகசியக் குறியீட்டுக்கும் இந்த முறையைத் தொடாதீர்கள். ஒரே ஒரு எண் தெரிந்தால் அடுத்தது எல்லாம் தெரிந்துவிடும்.

படி 7: நிறைவெண்ணை உருவாக்குங்கள்

தன்னைத் தவிர்த்த காரணிகளின் கூட்டுத்தொகை தனக்கே சமமாக இருந்தால் அது நிறைவெண். 6 = 1 + 2 + 3. ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் ஒரு நிறைவெண்ணைத் தரும் என்று யூக்ளிட் காட்டியிருக்கிறார். ப-வை 2³⁰-ஆல் பெருக்கினால் கிடைப்பது எட்டாவது நிறைவெண்:

2305843008139952128

இது 1-லிருந்து ப வரை உள்ள எல்லா எண்களின் கூட்டுத்தொகையும்கூட. 1811-இல் ஆங்கிலேயக் கணிதர் பீட்டர் பார்லோ, இதைவிடப் பெரிய நிறைவெண்ணை இனி யாரும் தேட மாட்டார்கள், இவை வெறும் வேடிக்கைப் பொருள்தானே என்ற பொருளில் எழுதினார். 1876-இல் லூக்கா 2¹²⁷ − 1 பகா எண் என்று காட்டினார். 1883-இல் ரஷ்யப் பாதிரியார் பெர்வூஷின், மெர்சென் தவறவிட்ட 2⁶¹ − 1-ஐக் கண்டெடுத்தார். வேடிக்கைக்காகத் தேடுகிறவர்கள் எப்போதும் இருக்கிறார்கள் என்பதைப் பார்லோ கணக்கில் எடுக்கவில்லை.

படி 8: இதையே அடுக்காக வையுங்கள்

31 என்பதே 2⁵ − 1, ஒரு மெர்சென் பகா எண். அதை அடுக்காக வைத்துப் பிறந்தது ப. அப்படியானால் ப-வையே அடுக்காக வைத்து 2-இன் ப-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால்? அந்த எண்ணுக்கு 64,64,56,993 இலக்கங்கள். லூக்கா–லெமர் சோதனையை அதில் ஓட்ட வேண்டிய அவசியமே இல்லை. படி 3-இல் செய்த அதே வாதத்தை 31-க்குப் பதில் ப-வை வைத்துச் செய்யுங்கள்: காரணி இருந்தால் அது 2 × ப-வின் ஒரு மடங்கை விட ஒன்று கூடுதலாகவும், 8-ஆல் வகுக்க மீதி 1 அல்லது 7 தருவதாகவும் இருக்க வேண்டும். மடங்கை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனால் 68745-இல் காரணி அகப்படுகிறது:

295257526626031

ஆக, அந்த எண் பகா எண் அல்ல. இது உண்மையிலேயே காரணிதானா என்று பார்க்க, 2-ஐ 31 முறை அடுத்தடுத்து வர்க்கப்படுத்தி 2-இன் 2³¹-ஆம் அடுக்கை இந்த எண்ணால் வகுத்த மீதி காணுங்கள். 2 வரும்.